எழுவைதீவுக்கு அப்பால்: மூன்று தீவுகளின் மின்சாரமும் மூன்று தலைநகரங்களும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் பொதுப்பணி வரலாறு ஒரே வரலாறாக எழுதக்கூடியதன்று. ஆழமில்லாத கடலை ஊடறுத்துக் கல்லும் மண்ணும் இட்டு உயர்த்தப்பட்ட வீதியான தாம்போதி எட்டிய தீவுகளுக்கு ஒரு வரலாறும் அது எட்டாத தீவுகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. பண்ணைத் தாம்போதியும் வேலணை–புங்குடுதீவுத் தாம்போதியும் வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு, புங்குடுதீவு ஆகிய இடங்களை யாழ்ப்பாண நகரத்தோடு தொடுத்தன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் குறிகட்டுவான் இறங்குதுறையிலும், அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் செல்வோர் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலும் இன்றுவரை படகுக்குக் காத்திருக்கின்றனர். இந்த நான்கு தீவுகளின் போக்குவரத்து வரலாறு குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை, எழுதாரகை எனப் படகுகளின் பெயர்களாலேயே நினைவுகூரப்படுகிறது.

வீதி நின்ற இடத்திலேயே மின்கம்பியும் நின்றது. தாம்போதி உள்ள இடத்தில் அதன் ஓரமாகக் கம்பங்களை நட்டுத் தேசிய மின்வலையமைப்பை, அதாவது நாட்டின் மின்நிலையங்களையும் பாவனையாளரையும் ஒன்றாகப் பிணைக்கும் கம்பித் தொகுதியை, அடுத்த தீவுக்குக் கொண்டுசெல்லலாம். தாம்போதி இல்லாத தீவுக்குக் கடலடி வடம் வேண்டும், அதன் செலவு சில நூறு வீடுகளே கொண்ட தீவொன்றின் பாவனைக்கு எவ்வகையிலும் ஈடாகாது. ஆகவே இலங்கை மின்சார சபை இத்தீவுகளில் டீசல் மின்பிறப்பாக்கிகளை நிறுவி, ஒவ்வொரு தீவையும் தனித்தனி மின்வலையாக நடத்தியது. டீசல் படகிலேறி வந்தது. கடல் கொந்தளித்த நாட்களில் வரவில்லை. தீவில் பிறப்பிக்கப்படும் ஓர் அலகு மின்சாரம் தலைநிலத்தில் பிறப்பிக்கப்படும் அலகைவிடப் பலமடங்கு செலவு பிடிப்பதாயிருந்தும், கட்டணம் நாடு முழுவதற்கும் பொதுவானதாக இருந்தமையால், தீவுப் பாவனையாளர் பயன்படுத்திய ஒவ்வோர் அலகுக்கும் சபை நட்டம் தாங்கியது. நட்டம் தரும் சேவையை விரிவாக்க எந்த நிறுவனமும் முந்துவதில்லை என்பதால், இத்தீவுகளில் மின்விநியோகம் நெடுங்காலம் குறைவான நேரத்துக்கும் குறைவான தேவைக்கும் உரியதாகவே ஒடுங்கிக் கிடந்தது.

இந்தக் கணக்கை மாற்றக்கூடிய வழி முதலில் பரீட்சிக்கப்பட்ட இடம், நான்கினுள் மிகச் சிறியதும் ஏறத்தாழ ஒன்றரைச் சதுரக் கிலோமீற்றர் பரப்பே உடையதுமான எழுவைதீவு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அங்கு நிறுவப்பட்டது கலப்பு மின்னுற்பத்தித் தொகுதி எனப்படுகிறது. சூரியத் தகடுகள், சிறு காற்றாலைகள், லித்தியம் மின்கலங்கள், டீசல் மின்பிறப்பாக்கி ஆகிய நான்கையும் ஒரே கட்டுப்பாட்டின்கீழ் இணைத்து இயக்குவதே அதன் தன்மை. பகலில் தகடுகள் தரும் மின்சாரம் வீடுகளுக்குப் போக எஞ்சியது மின்கலத்தில் சேமிக்கப்படும். பொழுது சாய்ந்து விளக்குகளும் மின்விசிறிகளும் ஒருசேர இயங்கத் தொடங்கும்போது அந்தச் சேமிப்பு வெளிவரும். இரவிலும் காற்று வீசினால் காற்றாலை மின்கலத்துக்குத் துணைநிற்கும். இவை எல்லாம் போதாத வேளையில் மட்டுமே டீசல் இயந்திரம் தானாக இயங்கும். தீவகத்தின் பருவங்கள் இந்த ஏற்பாட்டுக்கு இசைந்தவை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் காற்றாலைகளை ஓயாமல் சுழற்றும். மாரியில் வாடைக்காற்றும் மழையும் வரும்போது வெயில் குறைந்தாலும் காற்று முற்றாக அற்றுப்போவதில்லை. இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் கண்ணாடிபோல் கிடக்க, வெயில் உச்சம் தொடும். மீனவர் கடலுக்குப் போவதற்கும் வலையை உலர்த்துவதற்கும் தலைமுறை தலைமுறையாகக் கணித்துவந்த காற்றுகளை, மின்பொறியியலாளர் வேறொரு தேவைக்காக மீண்டும் கணிக்க நேர்ந்தது.

எழுவைதீவில் நடந்த பரீட்சை பயன் தந்ததும் அதை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று பெரிய தீவுகளுக்கு நீடிப்பது இயல்பான அடுத்த படியாயிற்று. தகராறு எழுந்தது இந்த நீடிப்பைப் பற்றியே. தொழில்நுட்பம் தெரிந்ததாக இருந்தது. காற்றும் வெயிலும் அளக்கப்பட்டிருந்தன. பணத்துக்கும் வழி இருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2016 ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட மின்விநியோக நம்பகத்தன்மை மேம்பாட்டுத் திட்டத்தில் இந்த மூன்று தீவுகளும் இடம்பெற்றன. மின்சார சபை அதை நிறைவேற்றும் நிறுவனமாயிற்று. அதன்பின் திட்டமிடல், விலைமனுக் கோரல், மதிப்பீடு என ஆண்டுகள் கழிந்தன. பெருந்திட்டங்களின் நடைமுறைத் தாமதம் என்று இதை ஏற்றுக்கொள்ளலாம். அடுத்து வந்த தாமதம் அவ்வகையைச் சார்ந்ததன்று.

2021 ஜனவரி 18 அன்று கூடிய இலங்கை அமைச்சரவை, சர்வதேசப் போட்டி விலைமனுவின் முடிவில், சீனாவின் சினோசோர்–ஈடெக்வின் கூட்டு நிறுவனத்துக்கு இந்த ஒப்பந்தத்தை வழங்க ஒப்புதல் அளித்தது. இந்தியா உடனே ஆட்சேபம் தெரிவித்தது. நெடுந்தீவு தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது என்பதும், சீன நிறுவனமொன்று அவ்விடத்தில் நிலைகொள்வது இந்தியாவின் பாதுகாப்புக்கு ஊறு செய்யலாம் என்பதுமே அதன் வாதம். சில வாரங்களுக்குள் இந்தியா அதே திட்டத்தை ஏறத்தாழ 12 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடையாகச் செய்துதர முன்வந்தது. கடனாக வரவிருந்ததற்குப் பதில் கொடை கிடைக்குமென்றால் மறுக்க என்ன காரணம் என்ற கேள்வி கொழும்பில் எழுந்தது இயல்பே. எனினும் விடை அத்தனை எளிதாயிருக்கவில்லை. அபிவிருத்தி வங்கியின் நிதியால் நடக்கும் விலைமனுவில் வங்கியின் உறுப்பு நாடுகள் அனைத்தின் நிறுவனங்களும் போட்டியிடலாம். தகுதி பெற்றவருள் மதிப்பீட்டில் முதலாவதாக வந்தவரை அவருடைய நாட்டைக் காரணங்காட்டி விலக்க வங்கி விதிகளில் இடமில்லை. இந்தியாவின் கொடையை ஏற்பதென்றால் விலைமனுவையே கைவிட வேண்டும். வங்கியின் பணத்தையும் அந்தத் தீவுகளளவில் விட்டுவிட வேண்டும். வென்ற நிறுவனத்துக்கும் அதன் நாட்டுக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் ஒருங்கே எதிர்கொள்ளக் கொழும்பு ஓராண்டுக்கும் மேலாகத் தயங்கியது.

அத்தயக்கத்தை விளங்கிக்கொள்ள, அதே அரசாங்கம் அதே மாதங்களில் வேறு இரு திட்டங்களில் நடந்துகொண்ட விதத்தையும் பார்க்க வேண்டும். முதலாவது கொழும்பின் இலகு ரயில். இலகு ரயில் என்பது நகருக்குள் குறுகிய தூரத்துக்கு மின்சாரத்தால் இயங்கும் ரயில்; பழைய ட்ராம் வண்டியின் இன்றைய வழித்தோன்றல் எனலாம். கொழும்பில் ட்ராம் 1899 இல் பௌஸ்டெட் சகோதரர் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது.  1944 இல் மாநகர சபை அதைப் பொறுப்பேற்றது. 1960 இல் கடைசி ட்ராம் ஓடி முடிந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக நகரில் தண்டவாளப் போக்குவரத்தை மீளக் கொண்டுவரும் யோசனைகள் எழுந்தும் அமிழ்ந்தும் வந்தன. இறுதியில் மாலபேயிலிருந்து கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட உயர்மட்டப் பாதைக்கு, ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு முகவர் நிறுவனம் 2019 மார்ச் மாதத்தில் கடன் உடன்படிக்கை செய்தது. வட்டி ஆண்டுக்கு 0.1 வீதம், திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள், முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். இவ்வளவு மென்மையான நிபந்தனைகளில் இலங்கைக்குக் கிடைத்த கடன்கள் மிகச் சில. ஆட்சி மாறியதும், செலவுக்கேற்ற பயன் தராத தீர்வு இது என்று காரணங்கூறி, 2020 செப்டெம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2023 மே மாதத்தில் டோக்கியோ சென்ற ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அந்த நிறுத்தத்துக்காக ஜப்பானியப் பிரதமரிடம் வருத்தம் தெரிவிக்கும் நிலை ஏற்பட்டது.

இரண்டாவது, கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையம். இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து அதை அபிவிருத்தி செய்ய 2019 மே மாதத்தில் மூன்று நாடுகளும் ஒத்துழைப்பு உடன்பாட்டில் கைச்சாத்திட்டிருந்தன. துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பையடுத்து 2021 பெப்ரவரி தொடக்கத்தில் அமைச்சரவை அதைக் கைவிட்டு, முனையம் முழுவதும் துறைமுக அதிகாரசபைக்கே உரியதென முடிவெடுத்தது. நாட்களை ஒப்பிட்டுப் பார்த்தால் தீவகத்தின் விவகாரம் எந்தச் சூழலில் வெடித்தது என்பது புலனாகும்: முனையத்திலிருந்து இந்தியா விலக்கப்பட்டதற்கும் மூன்று தீவுகளில் சீன நிறுவனத்துக்கு ஒப்புதல் கிடைத்ததற்கும் இடையே இருந்தது இரண்டு வார இடைவெளி. புதுடில்லி இவ்விரண்டையும் தனித்தனி முடிவுகளாகப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

இந்தியாவின் பாதுகாப்பு வாதத்துக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. நெடுந்தீவுப் பிரதேசத்தைச் சேர்ந்த கச்சதீவு இலங்கையின் எல்லைக்குள் அமைய வழிசெய்த 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை தமிழ்நாட்டு அரசியலில் இன்றும் ஆறாத விடயம். 1987 ஜூலை 29 அன்று கைச்சாத்திடப்பட்ட இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களில், திருகோணமலை உள்ளிட்ட இலங்கைத் துறைமுகங்களை இந்திய நலன்களுக்குப் பாதகமாக எந்த நாடும் இராணுவப் பயன்பாட்டுக்கு எடுக்க இடந்தரப்படமாட்டாது என்ற உறுதி இடம்பெற்றது. அந்த உறுதியின் நீட்சியாகவே பாக்குநீரிணையின் ஒவ்வொரு தீவையும் இந்தியா நோக்குகிறது. இந்த நோக்கைப் பொருளற்றதென்று தள்ளிவிட முடியாது. ஆனால் துறைமுகத்துக்கும் போர்க்கப்பலுக்கும் வகுக்கப்பட்ட அளவுகோலைச் சில நூறு வீடுகளுக்கு விளக்கேற்றும் மின்நிலையத்துக்குப் பொருத்தும்போது, எதைத்தான் அந்த அளவுகோல் விலக்காது என்ற கேள்வி எழாமல் இருக்காது. அதற்கு எவரும் அன்று தெளிவான விடை தரவில்லை.

2021 டிசம்பர் 1 அன்று கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் டுவிட்டரில் ஒரு செய்தியை வெளியிட்டது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாக மூன்று வடக்குத் தீவுகளின் கலப்பு மின்திட்டம் இடைநிறுத்தப்பட்டுள்ளது என்றும், அதே நிறுவனம் நவம்பர் 29 அன்று மாலைதீவு அரசாங்கத்துடன் 12 தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க உடன்படிக்கை செய்துள்ளது என்றும் அது கூறிற்று. எவருடைய பெயரையும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிய இச்செய்தியில், அனலைதீவிலோ நெடுந்தீவிலோ வாழ்வோரைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அதே மாத நடுப்பகுதியில் சீனத் தூதுவர் சீ சென்ஹொங் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி உடுத்து, மேலாடையின்றி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் வழிபட்டார். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் சென்றார். மன்னார்க் கடலில் ஆதம் பாலத்தின் மணல் திட்டுகளையும் பார்வையிட்டார். அவருடைய பயணம் இந்தியாவில் எவ்வளவு கூர்ந்து கவனிக்கப்பட்டது என்பதற்கு அந்நாட்களின் இந்தியப் பத்திரிகைகளே சான்று.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையின் பொருளாதாரம் குலைந்தது. அந்நியச் செலாவணி வற்றிய நிலையில் இந்தியாவின் கடன்வரிகளே எரிபொருளையும் மருந்தையும் கொண்டுவந்தன. பேரம் பேசும் வலு கொழும்பின் கையை விட்டு நீங்கியது. 2022 மார்ச் 28 அன்று இந்திய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தபோது, மூன்று தீவுகளின் மின்திட்டத்தை இந்தியக் கொடையால் நிறைவேற்றுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. இரண்டு வாரங்களில், ஏப்ரல் 12 அன்று, இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. தொடர்ந்த மாதங்களில் மண்ணெண்ணெய் இன்றி வடக்கின் மீனவர் படகுகள் கரையேற்றப்பட்டுக் கிடந்தன. டீசலுக்கு நாடெங்கும் நீண்ட வரிசைகள் நின்றன. வெயிலும் காற்றும் இயக்கும் மின்நிலையங்கள் திட்டமிட்டபடி முன்னரே எழுந்திருந்தால், டீசலை முழுக்க நம்பியிருந்த அந்தத் தீவுகள் அவ்வாண்டை எவ்வளவு வேறாகக் கடந்திருக்கும் என்பதை அந்த வரிசைகளை நினைவில் வைத்திருப்போர் எளிதில் கணிப்பர். தாமதத்தின் உண்மையான விலை அந்த மாதங்களில்தான் செலுத்தப்பட்டது.

உடன்படிக்கை ஒப்பந்தமாவதற்கு மேலும் இரண்டாண்டுகள் சென்றன. 2024 மார்ச் 1 அன்று இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை, மின்சார சபை ஆகியவற்றோடு பெங்களூரின் யூ சோலார் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது; கொடையின் அளவு 11 மில்லியன் அமெரிக்க டொலர் என அறிவிக்கப்பட்டது. மூன்று தீவுகளுக்குமாக 530 கிலோவாற் காற்று மின்சாரம், 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 2,400 கிலோவாற்–மணி மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாற் டீசல் காப்புவலு என்பது திட்டத்தின் அளவு. காப்புவலு என்பது ஏனையவை ஒருங்கே ஓய்ந்தாலும் தீவின் முழுத் தேவையையும் தாங்குவதற்கென வைக்கப்படும் இயந்திரத் திறன். காற்றும் வெயிலும் சேர்ந்து தரக்கூடிய 2,230 கிலோவாற்றைவிட அது கூடுதலாக இருப்பது, டீசலின் தேவை குறையுமே ஒழிய முற்றாக நீங்காது என்பதைக் காட்டுகிறது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆலயத் திருவிழாவுக்கும் நாகதீப விகாரைக்கும் அடியார் திரளும் நாட்களில் தேவை திடீரென உயர்வதையும் இந்தக் கணக்கு உள்ளடக்கியாக வேண்டும்.

பேச்சுகள் கொழும்பிலும் புதுடில்லியிலும் பெய்ஜிங்கிலும், வங்கியின் தலைமையகம் இருக்கும் மணிலாவிலும் நடந்தன. தீவகத்தில் நடக்கவில்லை. இதைத் தூரத்தின் விளைவென்று கொள்வதற்கு இலங்கை அரசியலமைப்பு இடந்தரவில்லை. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையிலுள்ள மாகாண சபைப் பட்டியல், நீர்மின்சாரமும் தேசிய மின்வலைக்கு ஊட்டப்படும் மின்சாரமும் நீங்கலாக, மாகாணத்தினுள் மின்னுற்பத்திக்கான இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்து பராமரிக்கும் பொறுப்பை மாகாண சபைக்கு உரியதாக்குகிறது. தேசிய மின்வலைக்கு எட்டாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்நிலையங்கள் இந்த வரையறைக்குள் அடங்குகின்றன. இவற்றைவிடத் தெளிவாக அதில் அடங்கும் மின்நிலையங்கள் நாட்டில் அரிது. அந்தக் கடமையைச் செய்திருக்க வேண்டிய வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. அதன்பின் தேர்தல் நடத்தப்படவில்லை. சீன நிறுவனத்துக்கு ஒப்புதல் அளித்தபோதும், இந்தியக் கொடையை ஏற்றபோதும், ஒப்பந்தம் கைச்சாத்தானபோதும் மாகாணத்தின் பெயரில் பேசத் தெரிவுசெய்யப்பட்ட எவரும் பதவியில் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலமும் முடிய, ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளும் செயலாளர்களின் நிர்வாகத்துக்குள் சென்றன.

இந்த வெற்றிடத்தில் தீவகத்து மக்களின் குரல் மின்சாரத்தைப் பற்றியதாக ஒருபோதும் கேட்கப்படவில்லை. இந்தியாவையோ சீனாவையோ அவர்கள் ஆதரிக்கிறார்களா என்ற கேள்வியே அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. அவர்களுக்கு இரண்டு நாடுகளோடும் தனித்தனி வழக்கு உண்டு. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இரவில் வந்து வலைகளை அறுத்து, கடலடியை வாரிச் செல்வது நெடுந்தீவு, எழுவைதீவு மீனவரின் நீண்டகாலக் குமுறல். சீனத் தொடர்புள்ள கடலட்டைப் பண்ணையொன்று வடக்கில் தோன்றியதும், தொடர்ந்து தீவகக் கரைகளில் பண்ணைகள் பரவியதும், சிறு மீனவரின் தொழிலிடங்கள் குறுகுகின்றன என்ற எதிர்ப்பைக் கிளப்பின. இவ்விரு குறைகளையும் மின்திட்டத்தோடு முடிச்சுப்போட்டு ஒரு பக்கம் சாய்த்துப் பேசியோர் பலர். எந்த மாதத்தில் எத்தனை மணிநேர மின்சாரம், என்ன கட்டணத்தில், பழுதானால் திருத்துவது யார் என்று கேட்டோர் மிகச் சிலரே.

2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுடில்லி சென்றபோது வெளியான கூட்டறிக்கை, மூன்று தீவுகளின் திட்டத்தை உரிய காலத்தில் நிறைவேற்ற வேண்டிய அவசியத்தை மீண்டும் குறிப்பிட்டது. அதே 2022 மார்ச்சில் தொடங்கிய மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டங்களிலிருந்து இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அலகு விலையைப் புதிய அரசாங்கம் மீளாய்வுக்கு எடுத்ததே அதன் பின்னணி. 2025 மே 6 அன்று உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, தீவகத்தின் பிரதேச சபைகளுக்கு மீண்டும் உறுப்பினர்கள் தெரிவாயினர். மின்னுற்பத்தி அந்தச் சபைகளின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. அது யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டதோ அந்த மாகாண சபைக்குத் தேர்தல் அவ்வேளையிலும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.